மேற்கே போனவன்

எங்கள் கடலோர ஊரான அலிஹீஸில் ஒரு காலத்தில் மர்ட்டி லவுனி என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் மொன்டானா சுரங்கத்துக்குப் போனார், ஒருவர் கடலோடு போனார், மிச்சம் இருந்தவரை நான் கட்டிக்கொண்டேன். இது அந்த மிச்சத்தைப் பற்றி எழுதுவது. எழுதப் போகிறேன் என்றதும், "என்னப் பத்தி எழுத என்ன இருக்கு? மீன் பிடிச்சான், முட்டி வலிச்சுதுன்னு எழுது, முடிஞ்சுது" என்றார். அவர் பேச்சைக் கேட்டு நான் நடந்தது கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில் நடந்தது. அப்போது அவர் எனக்கு 'அவர்' இல்லை, வெறும் 'அவன்'. மரியாதையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது, அதுவும் நாலு பேர் எதிரில் மட்டும். ஆகையால் அவன் என்றே எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மர்ட்டியின் அப்பா எங்கள் ஊர்த் தாமிரச் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கம் படுத்ததும் ஊரே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்வியாக எந்த ஊர் மாமன் கூப்பிட்டுக்கொள்வான் என்று கேட்பார்கள். மர்ட்டிக்கும் கூப்பிட ஆள் இருந்தது, பியூட் நகரத்தில் அண்ணன். பதினான்காம் வருஷம் அங்கிருந்து கப்பல் சீட்டு வந்தது. அப்போது அவன் தங்கை பிரைடிக்குப் பதினெட்டு வயது. ஐம்பது வயதுக்காரன் ஒருவனுக்கு இரண்டாம் தாரமாகப் பேசி முடிக்க இருந்தார்கள். மர்ட்டி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டில் பெயரை மாற்றி, அவளைத் துறைமுகம் வரை கூட்டிப்போய் ஏற்றிவிட்டு, தனியாகத் திரும்பி வந்தான். அடுத்த வருஷம் ஊரில் வேலையும் இல்லை, கடலில் மீனும் இல்லை. போய் இங்கிலீஷ்கார ராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான்.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டிருந்தால் இன்றைக்கு எப்படி இருந்திருக்கலாம் என்று நான் சொல்லிக்காட்டாத வருஷம் இல்லை. வைத்துக்கொண்டிருந்தால் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

என் அண்ணன் டென்னி க்ரோலி அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். டென்னி பதிமூன்றாம் வருஷமே மிச்சிகன் பக்கம் ஹான்காக் என்ற ஊருக்குத் தாமிரம் வெட்டப் போய்விட்டான். அமெரிக்கா போகிறவனுக்கு எங்கள் பக்கம் சாவுவீடு வைப்பது வழக்கம். ஆள் நடுவீட்டில் உயிரோடு நிற்பான். அக்கம்பக்கத்தார் வந்து புகைக்குழாய் பிடிப்பார்கள், டீ குடிப்பார்கள், ஆடுவார்கள், அவன் மூட்டையைத் தூக்கும்போது பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். போனவன் திரும்பி வருவதில்லை, அதனால் செத்தவனுக்குச் செய்கிற மரியாதையைக் கையோடு செய்து அனுப்பிவிடுவது. என் அம்மா அபினா அன்றைக்கு அழுத அழுகையில் ஒரு வாரம் அவளுக்குக் குரல் வரவில்லை. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். டென்னி போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும் ஆறு கோழியும்தான்.

பத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரியில் மர்ட்டி ஊருக்குத் திரும்பினான். இடது முட்டி மடங்கவில்லை. அவன் போனபோது பெரிய தப்பில்லை என்று இருந்த விஷயம், அவன் வந்தபோது பெரிய தப்பாகிவிட்டிருந்தது. அந்த ராஜாவிடமிருந்து நாட்டுக்கு விடுதலை வேண்டும் என்று எல்லாரும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ராஜாவின் கோட்டைப் போட்டவனுக்கு யார் முகம் கொடுப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் நிற்கிற ஆம்பிளைகள் அவன் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார்கள். இத்தனைக்கும் அதில் பாதிப் பேர் அவனோடு கோலி ஆடியவர்கள்.

என் அம்மா மட்டும் முகத்தைத் திருப்பவில்லை. அவளுக்கு வாயை அடக்குவதுதான் சிரமம், முகம் கொடுப்பது சிரமம் இல்லை. வேலி ஓரமாக அவனைப் பார்த்ததும், "என்னடா மர்ட்டி, ராஜா சௌக்கியமா?" என்றாள்.

"நான் பாக்கல அபினாம்மா. அவருக்கு வேலை அதிகம்."

"முட்டிய வாங்கிக்கிட்டு உனக்கு என்ன குடுத்தாரு?"

"ஒரு கோட்டு."

"அதப் போட்டுக்கிட்டு என் வாசலுக்கு வராத. கழட்டி எறிஞ்சுட்டு வா, டீ தரேன்."

கோட்டை அவன் நண்டுக்கூண்டுக்கு மேல் போர்த்தும் துணியாக்கிவிட்டான். அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் டீ குடிப்பான். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். பகல் முழுக்கப் படகுத்துறைச் சுவரில் உட்கார்ந்து கூண்டு பின்னிக்கொண்டிருப்பான். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, அவனிடம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்லவன், பேசாதவன், கால் போனவன், அவ்வளவுதான்.

ஏப்ரல் கடைசியில் அந்தக் கடுதாசி வந்தது. அமெரிக்கக் கடுதாசி என்றால் எங்கள் ஊரில் அதற்கென்று ஒரு முறை உண்டு. அடுப்புக்கு மேல் மாதா படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு, சாயங்காலம் அக்கம்பக்கத்தார் கூடியதும்தான் பிரிப்போம். ஆனால் இந்த உறையில் இருந்தது டென்னியின் கையெழுத்து இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கோழிக் கிறுக்கல் மாதிரி இருக்கிற பிள்ளையின் கையெழுத்து அவளுக்கு அடையாளம் தெரியும். "இப்பவே பிரிடி" என்றாள்.

டென்னி தங்கியிருந்த விடுதியை நடத்துகிற பின்லாந்துக்காரப் பெண்மணி எழுதியிருந்தாள். அவளுடைய இங்கிலீஷ் எங்கள் ஊர்க் கழுதைப் பாதை மாதிரி குழியும் மேடுமாக இருந்தது. நாங்கள் அனுப்பிய கடைசிக் கடுதாசி அவள் கைக்குப் போயிருக்கிறது. அதற்கு அவள் பதில் இது:

"அம்மா க்ரோலிக்கு. டென்னிஸ் மேற்கே போயாச்சு. செவ்வாய்க்கிழமை. ரொம்பத் திடீர். போகிறதுக்கு முன்னே என் கை பிடிச்சது. கொஞ்சம் அழுதது. அம்மாவுக்கு எழுதாதே சொன்னது. நான் எழுதுகிறேன், நானும் அம்மா. நல்ல பையன், சத்தம் இல்லை. பெட்டி என்கிட்டே இருக்கு. என்ன செய்ய, சொல்லுங்கள். திருமதி லாஹ்தி."

இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அம்மா மாவு பிசைந்த கையோடு நின்றாள்.

"மேற்கேன்னா எங்க? அவன் இருக்கிறதே மேற்குதானடி. அதுக்கும் மேற்கே என்ன இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. எழுத்து புரிந்தது, அர்த்தம் புரியவில்லை. பெட்டி என்ற சொல்லை மட்டும் மூன்றாம் தடவையும் படித்தேன். ஊரில் உலகத்து இங்கிலீஷ் தெரிந்தவன் மர்ட்டி ஒருவன்தான் என்று நினைத்துக் கடுதாசியோடு படகுத்துறைக்கு ஓடினேன். கேட்க வேறு யாரும் இல்லையா என்றால் இருந்தார்கள். அவனிடம் போனது நான்தான், அதனால் பழியில் பாதி என்னுடையது.

மர்ட்டி முதல் வரியைப் படித்ததும் தொப்பியைக் கழற்றினான். நான் அதைப் பார்த்துவிட்டேன்.

"ஜூலியா, உக்காரு."

"நான் நிக்கிறேன். என்ன எழுதியிருக்கு?"

"நாங்க அங்க ஒருத்தன் செத்தா செத்துட்டான்னு சொல்ல மாட்டோம். வாய் வராது. மேற்கே போயிட்டான்னு சொல்லுவோம்."

"இவ பட்டாளத்துக்காரி இல்லையே."

"இப்ப எல்லாருக்கும் அந்தப் பேச்சு வந்துடுச்சு. கை பிடிச்சான், அழுதான், அம்மாவுக்கு எழுதாதேன்னான். எல்லாரும் கடைசில அதத்தான் சொல்லுவாங்க, அம்மாவுக்குச் சொல்லாதீங்கன்னு." கடுதாசியை மடித்து என் கையில் வைத்தான். "உங்க அம்மாகிட்ட நான் சொல்றேன். நீ சொல்ல வேணாம்."

மேட்டுப் பாதையில் அவன் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. அம்மா அப்போதும் மாவுக் கையோடுதான் இருந்தாள். அவன் சுற்றி வளைக்கவில்லை. "அபினாம்மா, டென்னி செத்துட்டான்" என்றான். அம்மா மாவை உருட்டி முடித்தாள். "சரி" என்றாள். ரொட்டியை இரும்புச் சட்டியில் வைத்து, மூடியின் மேல் கங்கு போட்டுவிட்டு, கை கழுவப் போனாள்.

மறுநாள் காலையிலேயே வீடு நிறைந்துவிட்டது. டீத்தூள், சர்க்கரை, புகையிலை என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். ஒப்பாரிக்குப் பேர்போன கிட் ஹானலி அடுப்படியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமி ஆரம்பித்தாள். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"நிறுத்து கிட். என் பிள்ளைக்கு அழ வேண்டியத அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு அழுதாச்சு. நீயும்தான் அழுத. ஒரு ஆளுக்கு ரெண்டு சாவுவீடு நான் வைக்க மாட்டேன்."

"ஊர் என்ன சொல்லும் அபினா?"

"ஊர் டீ குடிச்சுட்டுப் போகட்டும்."

கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு நான் கோழிக்கூண்டுப் பக்கம் போனேன். அம்மா முட்டை எடுக்கக் கூண்டுக்குள் கையை விட்டபடி நின்றுகொண்டிருந்தாள். முட்டை கிடைத்துவிட்டது, கையில்தான் இருந்தது. கையை வெளியே எடுக்கத் தோன்றாமல் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நான் அழைக்காமல் திரும்பி வந்து, வீட்டுக்குள் அழுதேன். அடுத்த மூன்று வாரமும் என் அம்மா ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பங்குச் சாமியார் ஞாயிறு பூசையில் இறந்தவர்கள் பெயரில் டென்னிஸ் க்ரோலி என்று வாசித்தார். அன்றைக்குக் கோவில் வாசலில் ஆம்பிளைகள் யாரும் கடலைப் பார்க்கவில்லை. மர்ட்டியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சாவுச் சேதி கொண்டுவந்தவனுக்குத் தலையாட்டாமல் இருக்க முடியாது. மூன்று மாதமாகக் கிடைக்காத மரியாதை என் அண்ணன் செத்ததும் அவனுக்குக் கிடைத்தது. அதை நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அநியாயம் என்று தெரிந்தும்.

இப்படி இருக்கும்போதுதான் மின்னி நீல் வந்து சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷம் சிக்காகோவில் ஒரு பெரிய வீட்டில் சமையல் செய்துவிட்டு அந்த மாதம்தான் ஊர் திரும்பியவள். இறகு வைத்த தொப்பி, முன்பல்லில் தங்கம். அமெரிக்காவிலிருந்து திரும்பி வருகிறவர்களை நாங்கள் யாங்க் என்போம். வந்த ஒரு வாரத்துக்குள் அவளுக்கு யாங்க் மின்னி என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. துக்கம் விசாரிக்க வந்து உட்கார்ந்தவள், கடுதாசியைக் காட்டச் சொன்னாள். படித்தாள். மறுபடி முதல் வரிக்குப் போனாள். அப்புறம் சிரித்துவிட்டாள்.

துக்க வீட்டில் தங்கப்பல் தெரியச் சிரிக்கிறவளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றாள்.

"என்னடி சிரிப்பு?"

"இதுல சாவு எங்க இருக்கு அபினா? மேற்கே போயிட்டான்னா மேற்கே போயிட்டான். ரயில் ஏறிப் போயிட்டான். சண்டை முடிஞ்சதும் தாமிரம் விலைபோகல, சுரங்கத்துல ஆளக் குறைக்கிறான். வேலை போனவன் எல்லாம் மேற்கதான் போறான். சிக்காகோ டேஷன்ல நின்னா நாள் பூரா இதே பேச்சுதான். என் வீட்டுக்காரம்மா தோட்டக்காரன் மேற்கே போனான், அவ தம்பி மேற்கே போனான், எல்லாம் கொழுகொழுன்னு இருக்காங்க."

மர்ட்டி கதவோரமாக நின்றிருந்தான். "பெட்டிய விட்டுட்டா போவான்?" என்றான்.

"சரக்கு ரயில்ல ஒளிஞ்சு ஏறுறவன் பெட்டியத் தூக்கிட்டு ஏறுவானா?"

"எதுக்கு அழுதான்?"

"ஆறு வருஷம் சோறு போட்டவள விட்டுப் போகும்போது அழ மாட்டானா? நீ கல்லு, அவன் மனுஷன்."

"அம்மாவுக்கு எழுதாதேன்னு எதுக்குச் சொன்னான்?"

"வேலை போன வெக்கம்டா. ஊருக்கு எவன் எழுதுவான், எனக்கு வேலை போச்சுன்னு? நான் பாத்திரம் தேச்சத நான் எழுதினேனா? பியானோ இருக்கிற வீட்டுல இருக்கேன்னு எழுதினேன். பியானோவத் தொடச்சது நான்தான்னு எழுதல." மின்னி தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "நீ எங்க படிச்ச இந்த இங்கிலீஷ்? குழிக்குள்ள படுத்துக்கிட்டு சாவுக்குப் புதுப் பேர் வச்சீங்க. அந்தப் பின்லாந்துக்காரிக்கு அது எப்படித் தெரியும்?"

மர்ட்டி கடுதாசியை வாங்கி முதல் வரியை மறுபடி படித்தான். அம்மா மின்னியைப் பார்த்தாள், மர்ட்டியைப் பார்த்தாள். அப்புறம் அவனிடம் நேராகப் போய் நின்றாள்.

"டேய், நீ சொல்லு. நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்னு நினைச்சேன்."

"இப்ப?"

"தெரியல அபினாம்மா."

"தெரியாமலா என் பிள்ளையக் கொன்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். என் அம்மா மூன்று வாரத்தில் முதல் தடவையாகத் தானே ஒரு ரொட்டித் துண்டை எடுத்துத் தின்றாள். தின்றுவிட்டு, எழுதக் காகிதம் எடு என்றாள்.

அன்றைக்கே கடுதாசி எழுதினோம். பின்லாந்துக்காரிக்குப் புரிகிற மாதிரி எழுது என்று மின்னி பக்கத்தில் நின்று சொன்னாள். "டென்னிஸ் உயிரோடு இருக்கிறானா, செத்துவிட்டானா? ஒரு சொல் போதும்" என்று எழுதினேன். பதில் வர ஆறேழு வாரமாவது ஆகும். அதுவரை என் அண்ணன் செத்தவனும் இல்லை, இருப்பவனும் இல்லை.

அந்த வாரங்களை எப்படிச் சொல்வது? அம்மா ஜெபமாலையை ஒரு நாள் இறந்தவர்களுக்காகச் சொல்வாள், ஒரு நாள் பயணம் போகிறவர்களுக்காகச் சொல்வாள். எது சரி என்று சாமியாரிடம் கேட்டாள். எந்த ஜெபமும் வீண் போகாது என்று அவர் நழுவிவிட்டார். ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மின்னி கட்சி உயிரோடு இருக்கிறான் என்றது, கிட் ஹானலி கட்சி செத்துவிட்டான் என்றது. ஒப்பாரியைத் தடுத்த கோபம் கிட்டுக்கு இன்னும் ஆறவில்லை. கோவில் வாசலில் ஆம்பிளைகள் மறுபடி கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ராஜாவின் சோற்றைத் தின்றவன் சொந்த ஊர்ப் பிள்ளையையே வாயால் கொன்றுவிட்டான் என்று இப்போது சொல்ல ஒரு வாக்கியமும் கிடைத்திருந்தது.

அமெரிக்கத் தபால் செவ்வாயும் வெள்ளியும் காசில்டவுனுக்கு வரும். எங்கள் ஊர்த் தபால்காரர் அதை மறுநாள் கொண்டுவருவார். மர்ட்டி அந்த ஒரு நாளைக்கூடப் பொறுக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் போகப் பன்னிரண்டு மைல், வரப் பன்னிரண்டு மைல், மடங்காத காலோடு நடந்து போய்த் தபாலாபீஸில் கேட்டுவிட்டு வெறும் கையோடு வருவான். ஒரு வெள்ளிக்கிழமை உப்பு வாங்க நானும் கூடப் போனேன். கோபம் இருந்தது, உப்பும் தேவைப்பட்டது.

பாதி வழியில் அவன் ஒரு கல்லில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டான். நான் கேட்கலாமா என்று யோசித்துக் கேட்டுவிட்டேன்.

"நீ என்ன நினைக்கிற? இருக்கானா, இல்லையா?"

"நான் நினைக்கிறதுல என்ன இருக்கு ஜூலியா? அவன் செத்திருந்தா நான் சொன்னது நிசம், ஊர் எனக்குத் தலையாட்டும். உயிரோட இருந்தா நான் பொய்யன், இந்த ஊர்ல நான் தலை நிமிர முடியாது." எழுந்து நின்றான். "தினமும் முழங்கால் போட்டு வேண்டிக்கிறேன், நான் பொய்யனா இருக்கணும்னு. ஒரு முழங்கால்தான் போட முடியும், அதையும் சாமிகிட்ட சொல்லியிருக்கேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு அவனிடம் கோபமாக இருக்க எனக்குச் சரியாக வரவில்லை. எவ்வளவோ முயற்சி செய்து பார்த்தேன்.

ஜூலை முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. கானாங்கெளுத்தி கரைக்கு வந்திருந்த நேரம். அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து மீன் அறுத்து உப்பு போட்டுக்கொண்டிருந்தோம். கிட்டும் இருந்தாள், மின்னியும் இருந்தாள், தங்கப்பல்லோடு மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். மேட்டுக்கு மேல் மர்ட்டி வருவது தெரிந்தது. நடக்கவில்லை, ஓடினான். மடங்காத காலை வீசி வீசிப் போட்டு ஓடி வந்தான். எல்லாரும் கத்தியைக் கீழே வைத்தார்கள். சேதி என்னவாக இருந்தாலும் மனுஷன் அப்படி ஓடுவான் என்று எனக்குத் தோன்றியது, அதனால் நான் எழுந்திருக்கவில்லை.

அவனுக்கு மூச்சு வாங்கியது. உறையை நீட்டினான். அம்மா மீன் கையைப் பாவாடையில் துடைத்தாள், வாங்கவில்லை.

"யாரு கையெழுத்து?"

மர்ட்டி உறையை அவள் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

அம்மா பார்த்தாள். அப்படியே மீன் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கோழிக் கிறுக்கல்" என்றாள். "முத்திரை?"

"ஜூன் பத்தாந்தேதி. நாலு தடவை பாத்தேன்."

நான் பிரித்துப் படித்தேன். டென்னி வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். சுரங்க வேலை போனதும் பியூட்டுக்குப் போயிருக்கிறான், அங்கேயும் வேலை இல்லை, இன்னும் தள்ளிப் போயிருக்கிறான். நிலையாக ஓர் இடம் கிடைத்த பிறகு எழுதலாம் என்று இருந்தானாம். பெட்டியை அனுப்பச் சொல்லி விடுதி அம்மாவுக்கு எழுதினால், பெட்டியோடு சேர்த்து எங்கள் கடுதாசியும் வந்திருக்கிறது. "நான் செத்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்து இல்லை. முதுகு மட்டும் வலிக்கிறது. இந்தக் காட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது. இதற்கு மேல் மேற்கே போக இடம் இல்லை, அதனால் அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல். என்னைக் கொன்றது யார் என்று எழுது" என்று இருந்தது.

அப்புறம் முற்றம் முற்றமாக இல்லை. மின்னி தன் தொப்பியைத் தூக்கி மீன் கூடையில் போட்டாள். கிட் ஹானலி என் அம்மாவைக் கட்டிக்கொண்டு வைத்த ஓலம் மாதிரி செத்தவர்களுக்குக்கூட அவள் வைத்ததில்லை. அழுகை எது சிரிப்பு எது என்று தெரியவில்லை. எனக்குக் கால் இருப்பதே மறந்துவிட்டது, நெஞ்சில் இருந்த பாரம் போய் லேசாக இருந்தேன். யாரோ கோவில் மணியை அடிக்க ஓடினார்கள்.

அம்மா எழுந்து மீன் துடைக்கிற ஈரத்துணியை எடுத்தாள். மர்ட்டியின் தோளில் நாலு போடு போட்டாள். அவன் நகரவே இல்லை.

"பாவிப் பயலே. என் பிள்ளையக் கொன்னவனே. பத்து வாரம் என்னப் பிணமா நடக்க விட்டியேடா." ஐந்தாவது அடிக்குக் கை ஓங்கி, அப்படியே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "உள்ள வா. காலைலேருந்து சாப்பிட்டிருக்க மாட்ட."

புது உருளைக்கிழங்கு வேகவைத்துக் கூடையில் கொட்டி, கானாங்கெளுத்தி வறுத்து வைத்தோம். வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கோவில் வாசல் ஆம்பிளைகளில் இரண்டு பேர் மணிச்சத்தம் கேட்டு வந்து கதவோரமாக நின்றார்கள். ஒருவர் மர்ட்டியிடம், "உன்ன மாதிரி பொய்யன் ஊருக்கு ஒருத்தன் வேணும்டா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மர்ட்டியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் முகம் மாறியது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான்.

அம்மா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னடா? அவன்தான் உயிரோட இருக்கானே."

"அங்க எனக்குக் கடுதாசி எழுதுற வேலை அபினாம்மா. எழுத்து நல்லா இருக்கும்னு குடுத்தாங்க. எவனாவது மேற்கே போனா அவன் வீட்டுக்கு நான் எழுதணும், மேஜர் கையெழுத்து போடுவாரு. வலி இல்லாம போனான்னு எழுதணும், அது உத்தரவு. முப்பத்தேழு வீட்டுக்கு எழுதினேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், எந்த வீட்டுலேருந்தாவது பதில் வரும், நீ எழுதினது தப்பு, அவன் இங்க வந்து சேர்ந்துட்டான்னு. ஒண்ணு கூட வரல. முப்பத்தேழும் நிசம். இந்த ஒண்ணுதான் தப்பாப் போச்சு."

கதவோரம் நின்ற இரண்டு பேரும் தொப்பியைக் கையில் எடுத்திருந்தார்கள்.

"பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கு."

"சொல்லு."

அவன் சொன்னான். பெயர், ஊர், யாருக்கு எழுதினான், அம்மாவுக்கா மனைவிக்கா என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒவ்வொரு பெயருக்கும் என் அம்மா சிலுவை போட்டாள், மற்றவர்களும் போட்டார்கள். பதினோராவது பெயரைச் சொல்லிவிட்டு அதையே மறுபடி மறுபடி சொன்னான். அம்மா கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துத் தோலை உரித்து, உப்பு தொட்டு, அவன் தட்டில் வைத்தாள்.

"மிச்சம் நாளைக்குச் சொல்லு. நாளைக்கும் வா, அதுக்கு மறுநாளும் வா" என்றாள். "இப்பச் சாப்பிடு."

அவர் சாப்பிட்டார்.